தேங்க்ஸ்கிவிங் அன்று ராணுவப் பயிற்சி வீரர்களை வீட்டுக்கு அழைக்க என்ன வழி?

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங். அன்று எல்லோரும் எப்படியாவது வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். படையில் சேர்ந்து சில வாரங்களே ஆன பிள்ளைகளால் மட்டும் அது முடியாது. அடிப்படைப் பயிற்சியின் நடுவில் ஊருக்குப் போய்வர விடுப்பு தரமாட்டார்கள். அந்த ஒரு நாள் பகலில் அவர்களை உள்ளூர்க் குடும்பங்களுடன் அனுப்பிவைக்கும் வழக்கம் சில பயிற்சித் தளங்களில் பல காலமாக இருக்கிறது. 'நாங்களும் கூப்பிடலாமா, குடியுரிமை வேண்டுமா, சைவ வீடாக இருந்தால் பரவாயில்லையா' என்று இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கேட்பதுண்டு. அவர்களுக்காகத்தான் இந்த விளக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது பணம் தரும் திட்டம் கிடையாது. யாருக்கும் இதில் சட்டப்படியான உரிமையும் இல்லை. உங்களுக்குச் செலவுத் தொகை வராது. வீரரும் 'என்னை ஒரு வீட்டுக்கு அனுப்புங்கள்' என்று கோர முடியாது. தளத்தின் தலைமை அதிகாரி அந்த ஆண்டு அனுமதித்தால் நடக்கும், இல்லாவிட்டால் இல்லை. கோவிட் வந்த 2020இல் டெக்சாஸில் உள்ள லாக்லேண்ட் விமானப் படைத் தளத்தில் பயிற்சி வீரர்கள் வெளியே அனுப்பப்படவில்லை. ஆகவே போன வருடம் நடந்த முறையை வைத்து இந்த வருடத்தைக் கணக்கிடாதீர்கள்.

இந்த வழக்கத்துக்கு அதிகம் பெயர்பெற்ற இடம் டெக்சாஸின் சான் ஆன்டோனியோவில் உள்ள லாக்லேண்ட் தளம்தான். அமெரிக்க விமானப் படையில் அதிகாரி அல்லாத நிலையில் சேரும் எல்லோரும் அடிப்படைப் பயிற்சிக்கு இங்கேதான் வந்தாக வேண்டும். புதிதாக உருவான விண்வெளிப் படைக்கும் இதே இடம்தான். இங்கே நடக்கும் ஏற்பாட்டுக்கு 'ஆபரேஷன் ஹோம் குக்கிங்' என்று பெயர். 1970களிலிருந்து நடக்கிறது. குடும்பங்கள் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். அன்று காலை தளத்துக்குப் போய், ஒப்படைக்கப்படும் வீரர்களைத் தங்கள் காரிலேயே கூட்டிவந்து, சொன்ன நேரத்துக்குள் திரும்பக் கொண்டுவிட வேண்டும். பொதுவாக இருவராகத்தான் அனுப்புவார்கள். பயிற்சியில் எதற்கும் ஒரு துணையுடன் போவதுதான் வழக்கம். முன்பின் தெரியாத வீட்டில் ஒரு பையன் தனியாகத் திருதிருவென்று உட்கார்ந்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னாரைத்தான் அனுப்ப வேண்டும் என்று கேட்க முடியாது. பயிற்சியில் எந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் வெளியே வரலாம் என்பதையும் தளமே முடிவு செய்யும். ராத்திரி தங்கவைக்கும் பேச்சே இல்லை. சான் ஆன்டோனியோ வட்டாரத்தைத் தாண்டி அழைத்துப் போகக் கூடாது என்பதால் ஹூஸ்டனிலோ டல்லாஸிலோ இருப்பவர்களுக்கு இது சரிப்படாது.

வந்தவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. சீருடையிலேயே இருப்பார்கள். மது, புகையிலை தொடக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது. 'ஒரு பீர்தானே' என்று உபசரிப்பதாக நினைத்து நீட்டிவிடாதீர்கள். பெற்றோர் சம்மதத்துடன் 17 வயதிலேயே படையில் சேரலாம், மது அருந்தும் வயதோ 21. மாட்டிக்கொண்டால் பயிற்சியில் சிக்கலில் மாட்டப்போவது அந்தப் பிள்ளைதான். வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அன்றைக்கு அதைப் பூட்டிவைத்துவிடுங்கள். இதைத் தளம் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்றில்லை.

அடுத்து, நம்மவர்கள் தடுமாறும் இடம் தளத்தின் வாசல். ராணுவத் தளத்துக்குள் நுழைய ஒவ்வொரு பெரியவரிடமும் செல்லுபடியாகும் அடையாள அட்டை இருக்க வேண்டும். மாநில ஓட்டுநர் உரிமம் என்றால் அது 'ரியல் ஐடி' எனப்படும் கூட்டாட்சி அரசின் பாதுகாப்புத் தரத்தில் இருக்க வேண்டும், அல்லது கடவுச்சீட்டு வேண்டும். மே 2025 முதல் இந்தச் சோதனை நாடு முழுக்க நடைமுறைக்கு வந்துவிட்டது. காரின் பதிவுச் சான்றும் காப்பீட்டுத் தாளும் கையில் இருக்கட்டும். ஹெச்-1பி போன்ற விசாவில் இந்தியக் கடவுச்சீட்டுடன் இருப்பவர்களுக்குக் கூடுதல் சரிபார்ப்பு உண்டு. அன்று காலை வாசலில் போய் நின்று பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தால் கதைக்கு ஆகாது. பதிவு செய்யும்போதே உங்கள் நிலையைச் சொல்லி, வீரர்களை அழைக்க யார் வரலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே கேட்பது என்றால், அந்தந்தத் தளத்தின் மக்கள் தொடர்பு அலுவலகத்தில். அக்டோபரிலேயே கேட்பது நல்லது. வாட்ஸ்அப்பில் யாரோ ஃபார்வர்டு செய்த தொலைபேசி எண்ணை நம்பாதீர்கள். ஏற்பாடும் எண்ணும் வருடத்துக்கு வருடம் மாறும், பழைய செய்தி மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். 'பதிவுக் கட்டணம்' என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி, போனை வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம் என்பது என் கருத்து. தளத்திலேயே அன்று வான்கோழியோடு முழு விருந்து உண்டு. தரைப்படையில் அன்றைக்கு மேலதிகாரிகளே சீருடையில் நின்று பரிமாறுவது ஒரு மரபு. ஆக, வருகிறவர்கள் பட்டினியோடு வரப்போவதில்லை. தளத்தில் கிடைக்காதவை மூன்று: சாவகாசமாகப் போன் பேசுவது, சோபாவில் சாய்ந்து தூங்குவது, யாரும் அவசரப்படுத்தாமல் சாப்பிடுவது. பயிற்சியில் கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள், வீட்டுக்குப் பேச எப்போதாவது சில நிமிடம்தான் கிடைக்கும். எனவே வந்தவுடன் உங்கள் போனைக் கையில் கொடுத்து ஓர் அறையைக் காட்டிவிட்டு விலகிவிடுங்கள். பேசி முடித்துச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரம் தூங்கினாலும் எழுப்பாதீர்கள். விருந்தாளி தூங்குவதை மரியாதைக் குறைவாக நினைக்கும் தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சைவச் சமையலாக இருந்தாலும் அழைக்கலாம். பதிவின்போதோ அழைக்கப் போகும்போதோ 'எங்கள் வீட்டில் அசைவம் இருக்காது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அப்புறம், வருகிறவர்களுக்கு ஒவ்வாமை ஏதும் உண்டா என்று கேளுங்கள். வேர்க்கடலைச் சட்னியும் முந்திரி போட்ட கேசரியும் சிலருக்கு ஆபத்தாக முடியும். காரத்தைக் குறைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், பெயரையும் பயிற்சிப் பிரிவையும் போட்டு ஃபேஸ்புக்கில் ஏற்றாதீர்கள். போர், அரசியல், மதம் பற்றிப் பத்தொன்பது வயதுப் பையனிடம் விவாதம் வேண்டாம். எதிர்த்துப் பேசவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல் தவிப்பான்.

வருகிறவர் தமிழ் பேசினாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அமெரிக்கப் படைகளில் சேரக் குடியுரிமை கட்டாயமில்லை, கிரீன் கார்டு இருந்தால் போதும். 2008இல் தொடங்கி 2016இல் நிறுத்தப்பட்ட 'மாவ்னி' என்ற திட்டத்தில் கிரீன் கார்டு இல்லாதவர்களையும் மொழித் திறனுக்காகச் சேர்த்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் சிங்களமும் இருந்தன.

மற்ற இடங்களில் முறை வேறு. கடற்படையின் ஒரே அடிப்படைப் பயிற்சி மையம் சிகாகோவுக்கு வடக்கே கிரேட் லேக்ஸில் இருக்கிறது. அங்கே தேங்க்ஸ்கிவிங் அன்று முன்னாள் படைவீரர் சங்கங்கள், தேவாலயங்கள், தீயணைப்பு நிலையங்கள் போன்றவை ஒரு கூட்டமாக வீரர்களை அழைத்து விருந்து வைக்கின்றன. நீங்கள் அந்தப் பக்கம் இருந்தால் தனியாக முயல்வதைவிட இப்படி ஓர் அமைப்புடன் சேர்வது சுலபம். கடற்படை அதிகாரிகளை உருவாக்கும் அனாபோலிஸ் அகாதமியில் நடப்பது ஒரு நாள் விருந்தாக நின்றுவிடுவதில்லை. முதலாண்டு மாணவர்களுக்கு அக்கம்பக்கத்துக் குடும்பம் ஒன்று ஆதரவாளராக இருந்து, விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் வீட்டைத் திறந்துவிட வேண்டும். அதற்கேற்ப விண்ணப்பச் சோதனையும் கடுமை.

கிறிஸ்துமஸுக்கு அழைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: தரைப்படைப் பயிற்சி முகாம்கள் டிசம்பர் பிற்பகுதியில் ஏறக்குறைய இரண்டு வாரம் பயிற்சியை நிறுத்திவிடுகின்றன. வீரர்களில் பெரும்பாலானவர்கள் சொந்தச் செலவில் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த நாட்கள் ஆண்டுக்கு உள்ள 30 நாள் விடுப்பில் கழியும். அதனால் அந்தச் சமயத்தில் அழைக்க ஆளே கொஞ்சம்தான்.

வீட்டுக்குள் படையினர் என்றதும் சிலருக்கு ஒரு தயக்கம் வரும், அரசு கட்டாயப்படுத்துமோ என்று. முடியாது. அமைதிக் காலத்தில் உரிமையாளர் சம்மதமில்லாமல் எந்த வீட்டிலும் படையினரைத் தங்கவைக்கக் கூடாது என்று 1791இல் ஏற்கப்பட்ட அரசியல் சாசனத்தின் மூன்றாம் திருத்தமே சொல்கிறது. காலனிகளில் நிறுத்திய படைகளுக்கு அந்த மக்களே இடமும் பொருளும் தர வேண்டும் என்று பிரிட்டன் 1765இல் சட்டம் போட்ட கசப்பிலிருந்து வந்தது அது. நீதிமன்றத்துக்கு அரிதாகவே போயிருக்கும் திருத்தம். நியூயார்க்கில் 1979இல் சிறைக் காவலர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் குடியிருந்த அறைகளில் தேசியக் காவல் படையைத் தங்கவைத்ததால் ஒரு வழக்கு வந்தது. வாடகைக்குக் குடியிருப்பவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

கடைசியாக வரி. குறிப்பிட்ட தனிநபருக்குச் செய்யும் செலவை நன்கொடையாகக் காட்டிக் கழிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே அன்றைய மளிகை ரசீதுகளைப் பத்திரப்படுத்தத் தேவையில்லை.