நாய் வாங்கும் முன் வீட்டைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை தொடங்கினால் போதும், கிளினிக்கில் இந்தக் கேள்வி வந்துவிடும். "டாக்டர், பிள்ளைங்க நாய் வேணும்னு ஒரே அடம். கடிக்காத ஜாதியா ஒன்னு சொல்லுங்களேன்." கேட்பவரின் கைப்பேசியில் பெரும்பாலும் ஒரு படம் தயாராக இருக்கும். நீலக்கண் ஹஸ்கி, இல்லையென்றால் சப்பை மூக்கு பக். படத்தைப் பார்ப்பதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: பகல் பன்னிரண்டு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள்?

மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் இதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான். அப்பா ஈப்போ பக்கம் பேக்டரியில் ஷிஃப்ட் வேலை. அம்மாவுக்கும் வேலை. பிள்ளைகள் தமிழ்ப்பள்ளி முடிந்து டியூஷன் போய்விடுவார்கள். தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டின் முன்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே, சங்கிலியில் நாய். காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் கொதித்துப் போயிருக்கும். அந்த ஐந்து மணி நேரத்தை எந்த நாய் தாங்கும், எது தாங்காது என்பதில்தான் தேர்வே தொடங்குகிறது. பிள்ளைகளோடு விளையாடுமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

கடிக்காத ஜாதி என்று ஒன்று கிடையாது. இனத்தின் பெயர் சில விஷயங்களைச் சொல்லும்: எவ்வளவு பெரிதாகும், எவ்வளவு முடி கொட்டும், எந்த வேலைக்காக அதை வளர்த்தெடுத்தார்கள் என்று. பீகிள் முயலை மோப்பம் பிடித்துத் துரத்த வளர்க்கப்பட்டது. டாக்ஸுண்ட் வளைக்குள் நுழைய. ராட்வைலர் மாடு ஓட்ட. அந்தக் குணம் டெரஸ் வீட்டுக்கு வந்த பிறகும் மாறாது. ஆனால் ஒரு நாய் கடிக்குமா கடிக்காதா என்பது பெரும்பாலும் அது குட்டியாக இருந்தபோது எப்படி வளர்ந்தது, இப்போது எப்படி நடத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தது. பிறந்து மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரை மனிதர்களையும் பிள்ளைகளின் சத்தத்தையும் பயமில்லாமல் பழகிய குட்டி ஒரு மாதிரி வளரும். கூண்டிலேயே கிடந்த குட்டி வேறு மாதிரி வளரும். என்னிடம் தையல் போட வரும் கடிக் காயங்களின் கதையைக் கேட்டால், கடித்தது பெரும்பாலும் நாள் முழுக்கக் கட்டிப்போட்ட நாயாகத்தான் இருக்கும்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்கு வேர்வைச் சுரப்பிகள் முக்கியமாகப் பாதங்களில்தான். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் அது சூட்டைத் தணிக்கிறது. நம் ஊர்க் காற்றில் எந்நேரமும் ஈரப்பதம் இருப்பதால் அந்த வழியும் பாதி அடைபட்டுவிடுகிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் மூளை, சிறுநீரகம், குடல் எல்லாமே பாதிக்கப்படும்.

ஒரு பிற்பகலில் ஒரு குடும்பம் ஹஸ்கி ஒன்றைக் காரின் பின்சீட்டில் கிடத்திக் கொண்டுவந்தது. நாக்கு ஊதா கலந்த சிவப்பில் தொங்கியது. ஈறைத் தொட்டால் விரல் ஒட்டியது. கண் திறந்திருந்தும் யாரையும் பார்க்கவில்லை. வெப்பமானியில் 42. குழாய்த் தண்ணீரை ஊற்றி, விசிறியை நேராகத் திருப்பி, நரம்பில் மருந்துத் தண்ணீர் ஏற்றி, அது தலையைத் தூக்கும்போது இருட்டிவிட்டது. அந்த வீட்டில் நாயைக் கொடுமைப்படுத்துபவர்கள் யாரும் இல்லை. சைபீரியப் பனியில் வண்டி இழுக்க வளர்ந்த, இரண்டு அடுக்கு முடி கொண்ட ஒரு பிராணியைப் பேராக்கின் வெயிலில் கார் நிறுத்தும் இடத்தில் கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். முடியை ஒட்ட வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. வெட்டினால் தோலில் நேராக வெயில் படும், முடி திரும்ப ஒழுங்காக வளராமலும் போகலாம்.

உங்கள் நாய்க்கு இப்படி ஆனால், காரில் ஏற்றுவதற்கு முன்பே குளிர்விக்கத் தொடங்குங்கள். நிழலுக்கு இழுத்து, உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, காற்று படச் செய்யுங்கள். ஈரத் துண்டால் மூடி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். மயக்கத்தில் இருந்தால் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

பக், பிரெஞ்ச் புல்டாக், பெக்கினீஸ் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும் இதே ஆபத்து, இன்னும் கூடுதலாக. மூச்சுப் பாதையே குறுகலாக இருப்பதால் மற்ற நாய்களுக்கு நடை என்பது அவற்றுக்கு மலை ஏறுவது மாதிரி. பகலில் ஏர்கான் ஓடாத வீட்டுக்கு இவை வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

லாப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவரும் பிள்ளைகளிடம் பொறுமையானவை என்பது உண்மைதான். பக்கத்திலேயே இன்னொன்றும் உண்மை. வளர்ந்த லாப்ரடார் 25 முதல் 36 கிலோ இருக்கும், இரண்டு வயது வரை மனசு குட்டிதான். ஆசையாய்த் தாவினால் மூன்று வயசுப் பிள்ளையும் விழும், முட்டி வலியோடு நடக்கும் பாட்டியும் விழுவார். காலையும் மாலையும் நடக்க விட ஆள் வேண்டும். நம் வீடுகளில் மிச்சச் சோற்றையும் குழம்பையும் போட்டு ஐந்து வயதிலேயே நடக்க முடியாத எடைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு ஏற்கெனவே உள்ள இனத்துக்கு அந்த எடை பெரிய தண்டனை. வெங்காயம், பூண்டு, உலர் திராட்சை நாய்க்கு நஞ்சு என்பதால் குழம்புச் சோறு எந்த நாய்க்கும் ஆகாது.

ஷிட்சூ சின்னது, மடியில் கிடக்கும், பாட்டிகளுக்குப் பிடிக்கும். ஆனால் அதுவும் மூக்கு குட்டையான இனம்தான். கண் முன்னே துருத்தி நிற்பதால் முடி குத்தினாலோ பிள்ளையின் நகம் பட்டாலோ புண்ணாகிவிடும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரும் ஷிட்சூவுக்கு ஆரஞ்சு நிறச் சாயத் தாளை நனைத்து ஒரு சொட்டு விடுவேன். நீல வெளிச்சத்தில் பார்த்தால் கருவிழியில் புண் உள்ள இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். அதைப் பார்த்த பிறகுதான் பலருக்கு அந்த நாய் எவ்வளவு வலியில் இருந்தது என்று புரிகிறது. வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர்களின் கண் மருந்தைத் தயவுசெய்து போடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தாக இருந்தால் புண் ஆழமாகிக் கண்ணே போய்விடக்கூடும்.

ஜாதி நாய்தான் வேண்டும், வீடும் சின்னது என்பவர்களுக்கு நான் அதிகம் சொல்வது சிறிய பூடுல். புத்திசாலி, முடி கொட்டுவது மிகக் குறைவு, சொன்னதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒரு முறையாவது முடி வெட்டும் செலவு உண்டு, அதை முதலிலேயே கணக்கில் வையுங்கள். டாக்ஸுண்டுக்கு முதுகெலும்பு பலவீனம். பிள்ளைகள் முன்காலைப் பிடித்துத் தூக்கும் வீட்டில் அது வேண்டாம். பீகிள் அழகுதான், ஆனால் கேட் கொஞ்சம் திறந்தால் மூக்கு போன வழியில் செம்பனைக் காட்டுக்குள் போய்விடும். தனியே விட்டால் ஊளையிடும், அக்கம்பக்கத்துக்குத் தூக்கம் போகும்.

திருட்டுப் பயத்தால் ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், டோபர்மேன் கேட்பவர்கள் உண்டு. கால்நடை சேவைத் துறையின் கட்டுப்படுத்தப்பட்ட இனங்களின் பட்டியலில் இவை இருக்கின்றன. பிட்புல், அகிதா, ஜப்பானிய தோசா, டோகோ அர்ஜென்டினோ போன்றவற்றை நாட்டுக்குள் கொண்டுவரவே தடை. யாராவது 'பிட்புல் கலப்பு' என்று குட்டியைக் காட்டினால் விலை கேட்காமல் திரும்பி வந்துவிடுங்கள். ஜெர்மன் ஷெப்பர்ட் நல்ல நாய், பயிற்சி கொடுக்கத் தெரிந்தவர் கையில். அதைச் சங்கிலியில் கட்டிக் காவலுக்கு வைப்பது பிள்ளைகள் உள்ள வீட்டில் நீங்களே ஆபத்தை வளர்ப்பதாகும்.

நம் ஊர்க் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் நான் மனதாரச் சொல்வது நம் நாட்டு நாயைத்தான், தோட்டத்து நாய் என்று நாம் லயத்து வீடுகளில் பார்த்து வளர்ந்த அதே நாய். நடுத்தர உயரம், குட்டை முடி, நீண்ட மூக்கு. இந்த வெயிலும் ஈரமும் அதற்குப் பழக்கம். தீனிச் செலவு குறைவு. ஜாதி நாய்களுக்குப் பரம்பரையாக வரும் பல கோளாறுகள் அதனிடம் அரிது. தெலோம் ஆற்றுப் பக்கம் ஓராங் அஸ்லி பழங்குடி மக்களோடு வாழ்ந்த டெலோமியன் நாயை 1963-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் ஒரு தனி இனமாக வளர்த்தார்கள். வெளிநாட்டில் மதிப்புத் தெரிந்த இந்த மண்ணின் நாய்களை நாம் இங்கே கல்லால் அடித்து விரட்டுகிறோம். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

நாட்டு நாய் என்றால் நோயே வராது என்று நினைத்துவிட வேண்டாம். பழுப்பு உண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சல் எல்லா நாய்க்கும் வரும். காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் தடவிப் பாருங்கள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளிறியிருக்கிறதா, வயிற்றுத் தோலில் சின்னச் சின்ன இரத்தப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று தெரியும். இருந்தால் அன்றே கொண்டுவாருங்கள். கொசுவால் வரும் இதயப் புழுவுக்கு மாதாமாதம் தடுப்பு மருந்து உண்டு. எலி மூத்திரத்தால் வரும் லெப்டோ மனிதர்களையும் பிடிக்கும், அதற்கும் நாய்க்குத் தடுப்பூசி இருக்கிறது.

தோட்டத்துக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள் எலி மருந்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். செம்பனை மரத்தடியில் மெழுகுக் கட்டி மாதிரி வைக்கிறார்களே, அதைத் தின்ற நாய் அன்று நன்றாகத்தான் இருக்கும். மூன்று, ஐந்து நாள் கழித்துச் சோர்வு, இருமல், மூக்கில் இரத்தம் என்று ஆரம்பிக்கும். இரத்தம் உறையும் சக்தியை அந்த மருந்து அழித்துவிடுகிறது. நேரத்தோடு வந்தால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம், ஆனால் மருந்தை வாரக்கணக்கில் தொடர வேண்டும். தின்றதைப் பார்த்தால் நோய்க்குறிக்குக் காத்திருக்காதீர்கள், உறை கிடைத்தால் அதையும் எடுத்து வாருங்கள். எந்த நாயானாலும் வேலி சரியில்லாத வீட்டில் வளர்க்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

பிள்ளைகளுக்கு நாயின் பேச்சைச் சொல்லிக்கொடுங்கள். தலையைத் திருப்பிக்கொள்வது, சும்மா இருக்கும்போதே உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை ஓரம் தெரிய முறைப்பது, உடம்பு அப்படியே இறுகி நிற்பது, இவையெல்லாம் 'விட்டுவிடு' என்று நாய் சொல்லும் வழிகள். அதற்கும் கேட்காவிட்டால் உறுமும். உறுமும் நாயை அடிக்காதீர்கள். அடித்தால் அது அடுத்த முறை உறுமாமல் நேரே கடிக்கக் கற்றுக்கொள்ளும். சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் தொடக் கூடாது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை எந்த நாயோடும், எவ்வளவு சாது என்றாலும், தனியே விடக் கூடாது.

தாமானில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். நாயின் எச்சில் பட்டால் நம் முஸ்லிம் அண்டை வீட்டார் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். வேலி இடுக்கில் மூக்கை நீட்டும் நாய் அவர்களுக்கு எவ்வளவு சங்கடம் என்று நினைத்துப் பாருங்கள். வேலியின் கீழ்ப்பாதியை அடைத்துவிடுங்கள், கழிவை உடனே அள்ளுங்கள், வாங்கும் முன்பே ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஊராட்சி மன்ற உரிமம் கட்டாயம். எந்த வகை வீட்டில் எத்தனை நாய் என்ற விதி ஊருக்கு ஊர் மாறும், அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

குட்டி வாங்குவதென்றால் தாய் நாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள். எட்டு வாரம் ஆகாத குட்டி வேண்டாம். கார் பார்க்கில் கைமாற்றிக் கொடுக்கிறேன் என்பவரிடம் வாங்கவே வேண்டாம். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த குட்டி இரண்டே நாளில் இறந்துவிடலாம், அதனால் ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. வெறிநாய்க்கடி நோய் 2015-ல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017-ல் சரவாக்கிலும் தலைகாட்டியது. எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வளர்க்க முடியாமல் செம்பனைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார்களே, அது 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி குற்றம். அந்தச் சட்டப்படி கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

எதை எடுப்பது என்று இன்னும் குழப்பமாக இருந்தால், ஒரு வயது தாண்டிய, கருத்தடை செய்த நாட்டு நாயைத் தேடுங்கள். குட்டி எப்படி வளரும் என்பது ஊகம்தான், வளர்ந்த நாயின் குணமோ கண்ணுக்குத் தெரியும். பிள்ளைகளையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போய் அரை மணி நேரம் அதன் பக்கத்தில் உட்காருங்கள். அதுவாக நெருங்கி வருகிறதா, சத்தம் கேட்டால் ஒளிகிறதா, தட்டில் கை வைத்தால் என்ன செய்கிறது என்று அதைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள். இரண்டு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்க அவர் சம்மதித்தால் அந்த இரண்டு வாரத்தைப் பள்ளி நாட்களில் வையுங்கள், விடுமுறையில் வேண்டாம். வீடு காலியாக இருக்கும் பகல் நேரத்தில் அது எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.