முகத்துக்கு ஒரு விசிறி, காலுக்கு ஒரு விசிறி

“மாத்திரை ஒண்ணும் எழுதலையா சார்?” பிசியோதெரபி அறைக்கு முதல் தடவை வருகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. போன வருஷம் இதைக் கேட்டவர் தன் அம்மாவைக் கூட்டி வந்திருந்தார். அம்மாவுக்கு 63 வயது. பீடி, சிகரெட் என்ற பேச்சே இல்லை. ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீட்டுக்கு கேஸ் வரும்வரை விறகடுப்புதான், அதுவும் ஜன்னல் இல்லாத சமையல்கட்டில். இப்போது குளித்துவிட்டு வந்தால் இளைப்பு, தலை சீவக் கையைத் தூக்கினால் இளைப்பு. நுரையீரல் மருத்துவர் ஊதவைத்துப் பார்த்து, சிஓபிடி, அதாவது காற்றுக்குழாய்கள் குறுகி மூச்சு வாங்கவைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருந்தார். கூடவே எங்களிடமும் அனுப்பியிருந்தார். மகனுக்கு அந்தக் ‘கூடவே’தான் பிடிபடவில்லை. “நடந்தா மூச்சு வாங்குதுன்னுதானே வந்தோம். நீங்க நடக்கச் சொல்றீங்களே.”

நியாயமான சந்தேகம்தான். மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் நடப்பதைக் குறைத்தால், ஆறு மாதத்தில் தொடைத்தசை கரைந்துவிடும். வலுவிழந்த தசை, அதே பத்தடி நடக்க முன்பைவிட அதிகக் காற்றைக் கேட்கும். அப்புறம் எட்டடியிலேயே மூச்சு வாங்கும், நடையை இன்னும் குறைப்பார். நோய் நுரையீரலில் என்றாலும், ஆளைக் கட்டிலில் தள்ளுவதில் பாதி வேலையைக் கால்தான் செய்கிறது. எங்கள் பயிற்சி கைவைப்பது அந்தக் காலில்.

இதை நான் சரியாகச் சொல்லாமல் கெடுத்த கதையும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவரிடம் “ரெண்டு மாசம் வாங்க ஐயா, நுரையீரல் நல்லா ஆயிடும்” என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டேன். மனிதர் ஒரு நாள் தவறாமல் வந்தார். முடிவில் கடைத்தெரு வரைக்கும் நிற்காமல் போய்வரும் அளவுக்குத் தேறினார். அப்புறம் ஊதும் பரிசோதனை எடுத்துப் பார்த்தால், எண் இருந்த இடத்திலேயே இருந்தது. ரிப்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டு, “அப்ப இது சும்மாதானா?” என்றார். அதோடு வரவில்லை. தப்பு என்னுடையது. இந்தப் பயிற்சியால் நுரையீரலின் எண் மாறாது, மாறுவது தசையும் நடையும் அன்றாட வாழ்க்கையும்தான் என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இப்போது யார் வந்தாலும் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

சரி, மாறுகிறது என்பதற்கு என்ன ஆதாரம்? எங்கள் அளவுகோல் ரொம்ப எளிமையானது: 30 மீட்டர் வராண்டா, இரண்டு முனையிலும் ஒரு கூம்பு, ஒரு ஸ்டாப்வாட்ச், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்ப்போம். களைத்தால் நிற்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. சிஓபிடி நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் இந்த மாதிரி மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்த ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் சர்வதேச அமைப்பான காக்ரேன் 2015இல் தொகுத்துப் பார்த்தது. 65 ஆய்வுகள், 3,822 பேர். பயிற்சி பெற்றவர்கள் ஆறு நிமிடத்தில் சராசரியாகச் சுமார் 44 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். நோயாளியே உணரக்கூடிய வித்தியாசம் சுமார் 30 மீட்டர் என்று கணக்கு. மூச்சிரைப்பு, களைப்பு, நோய் தன் கைக்குள் இருக்கிறது என்ற தெம்பு எல்லாவற்றிலும் முன்னேற்றம் தெரிந்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது அப்புறம் நடந்தது. வழக்கமான சிகிச்சையோடு இந்தப் பயிற்சியை ஒப்பிட இனிமேல் புது ஆய்வு தேவையில்லை என்று சொல்லி, அந்தத் தொகுப்பையே மூடிவிட்டார்கள். ‘மேலும் ஆய்வுகள் தேவை’ என்று முடியாத மருத்துவக் கட்டுரை கண்ணில் படுவதே அபூர்வம். மருந்தில்லாத சிகிச்சை ஒன்றுக்கு அந்த மரியாதை கிடைத்திருக்கிறது. இது மாற்று மருத்துவமும் அல்ல, மனசுக்கு ஆறுதலாகச் சொல்லும் யோசனையும் அல்ல.

அடுத்தது விசிறி. மூச்சிரைப்பவர் முகத்தில் குளிர்ந்த காற்று பட்டால் இதமாக இருக்கும் என்பது நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் தெரியும். அதைச் சோதிப்பது எப்படி? மாத்திரை ஆய்வு என்றால் அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை கொடுக்கலாம். காற்றுக்குப் போலிக் காற்று உண்டா? இங்கிலாந்தில் ஒரு குழு இதற்குச் சாமர்த்தியமான வழி கண்டுபிடித்தது. கையடக்கமான பேட்டரி விசிறியை ஐந்து நிமிடம் முகத்துக்கும், ஐந்து நிமிடம் காலுக்கும் காட்டினார்கள். எது முதலில் என்பது குலுக்கல்படி. இரண்டிலும் அதே விசிறி, அதே சத்தம், யாரோ கவனிக்கிறார்கள் என்ற அதே திருப்தி. 50 பேரிடம் செய்த இந்த ஆய்வு 2010இல் வெளியானது. முகத்துக்குக் காட்டியபோது மூச்சிரைப்பு தெளிவாகக் குறைந்தது. முகத்தின் உணர்வு நரம்புகள் வழியாகப் போகும் குளிர்ச்சி, ‘காற்று போதவில்லை’ என்று மூளை உணர்வதைத் தணிக்கிறது என்பது விளக்கம்.

அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வு இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றிலும் சேர்த்து 239 பேர். கடுமையான நோயால் மூச்சிரைப்பு இருந்தாலும் ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறையாதவர்கள். ஏழு நாள் மூக்குக் குழாய் வழியாக ஒரு பாதிக்கு ஆக்சிஜன், மறுபாதிக்குச் சாதாரணக் காற்று. எது வருகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆக்சிஜனால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. வாடகைக்கு ஆக்சிஜன் மெஷின் எடுத்து வைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஆய்வு நினைவுக்கு வரும். ஆனால் ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையிலேயே மிகக் குறைந்துபோன சிஓபிடி நோயாளிக்கு, தினம் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் கொடுக்கும் ஆக்சிஜன் ஆயுளை நீட்டுகிறது. இதைப் படித்துவிட்டு யாரும் மெஷினை அணைத்துவிட வேண்டாம், நீங்கள் எந்த வகை என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

அந்த அம்மாவிடம் விசிறியைப் பற்றிச் சொன்னபோது, வீட்டில் பனையோலை விசிறி இருக்கிறது என்றார். நல்லதுதான், ஆனால் வீசுவது வேறு கையாக இருக்க வேண்டும். இந்த நோயில் கையைத் தூக்கிச் செய்யும் வேலை இளைப்பை ஏற்றும். தலை சீவும்போது இரைப்பது அதனால்தான்.

அப்புறம் உதட்டைக் குவித்து மூச்சு விடுவது. நகரத்து ஆட்களுக்கு விசில் அடிப்பது போல என்பேன். அவரிடம் “ஊதாங்குழல் ஊதியிருக்கீங்களா?” என்று கேட்டதும் வாய் தானாகக் குவிந்தது. ஆனால் அடுத்த நொடி, ஈர விறகைப் பற்றவைக்கிற வேகத்தில் ‘ஃபூ’ என்று ஊதித் தள்ளிவிட்டு இருமினார். அந்த வேகம் கூடாது. எதிரே ஒரு அகல் விளக்கு எரிவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னேன். சுடர் ஆட வேண்டும், அணையக் கூடாது. மூக்கால் இரண்டு எண்ணும் நேரம் இழுத்து, குவித்த உதட்டின் வழியே நான்கு எண்ணும் நேரம் விட வேண்டும். இந்த நோயில் மூச்சை விடும்போது சின்னக் காற்றுக்குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொண்டு, பழைய காற்று உள்ளேயே தங்கிவிடும். குவித்த உதடு வெளியே போகும் காற்றுக்குக் கொஞ்சம் தடை கொடுப்பதால் குழாய்கள் திறந்தே இருக்கும். நுரையீரலைக் கெடுத்த அடுப்பே இந்த வாய்வடிவத்தையும் பழக்கி வைத்திருந்தது எனக்கு என்னவோ போல் இருந்தது. ஒன்று, மூச்சுப் பயிற்சியை மட்டும் தனியாகச் செய்த ஆய்வுகளில் நடக்கும் திறன் கூடியிருக்கிறதே தவிர, மூச்சிரைப்பு குறைந்தது என்று எல்லாவற்றிலும் ஒரேமாதிரி முடிவு வரவில்லை. அதனால் நான் இதை நடையோடு சேர்த்துத்தான் சொல்லித்தருகிறேன்.

மருந்தில்லா சிகிச்சை என்ற இதே வார்த்தையை வைத்துக் கடை விரித்திருப்பவர்களும் உண்டு. ‘பதினைந்தே நாளில் இளைப்பு போகும், இன்ஹேலரைத் தூக்கிப் போடுங்கள்’ என்பார்கள். அவர்களிடம் இரண்டு கேள்வி போதும். எதோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்? எதை அளந்தீர்கள்? குணமானவர் ஒருவரின் வீடியோவைக் காட்டினால், குணமாகாதவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். நான் சொல்கிற எதுவும் இன்ஹேலருக்குப் பதில் அல்ல. திடீரென்று மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பாய்ந்தால், பேச்சு குழறினால் விசிறியைத் தேட வேண்டாம், 108க்கு அடியுங்கள்.

இவ்வளவு ஆதாரம் இருந்தும் இந்தப் பயிற்சி எத்தனை பேருக்குப் போய்ச் சேர்கிறது? அமெரிக்காவில் 2014இல் சிஓபிடியால் மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய, அரசுக் காப்பீடு உள்ள முதியவர்கள் 1,97,376 பேரைக் கணக்கெடுத்தார்கள். 90 நாளுக்குள் பயிற்சி தொடங்கியவர்கள் 1.5 சதவீதம். ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள், தொடங்கியவர்களில் 7.3 சதவீதம், மற்றவர்களில் 19.6 சதவீதம். இது குலுக்கல் ஆய்வு அல்ல. தெம்புள்ளவர்களே பயிற்சிக்கு வந்திருக்கலாம். அதற்கெல்லாம் கழித்துக் கணக்குப் போட்டும் வித்தியாசம் மிஞ்சியது.

எங்களிடம் ஆட்கள் நின்றுபோவது பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில். இரண்டு பஸ் மாற வேண்டும், கூட வர ஆள் லீவு போட வேண்டும். இந்த அம்மாவும் நின்றார். மெல்போர்னில் 166 பேரை வைத்து நடந்து 2017இல் வெளியான ஆய்வு அப்போதுதான் கைகொடுத்தது. ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அப்புறம் வாரம் ஒரு போன் என்று ஏழு போன்கள். பயிற்சி முடிவில் நடைத்தூரத்தில் அது மருத்துவமனைப் பயிற்சிக்குக் குறையவில்லை. ஆனால் ஒரு வருஷம் கழித்து, இரண்டு குழுவிலுமே பெற்றது பெரும்பாலும் கரைந்திருந்தது. விட்டால் போய்விடும்.

அதனால் செவ்வாய்க்கிழமை மதியம் அவருக்குப் போன் செய்கிறேன். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எத்தனை தடவை எழுந்தார், மாட்டுக்கொட்டகை வரை எத்தனை நடை என்று கேட்பேன். எண்ணுவது பேரன். போன வாரம் எழுந்தது பன்னிரண்டு தடவை என்றான். பின்னாலிருந்து அம்மா குரல்: “பொய் சொல்றான் சார், பத்துதான்.”