பிரிபொசிஷன்: முன்னால் நிற்கும் சொல்லுக்குத் தமிழில் என்ன பெயர்?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் சில வருஷம் வேலை பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் வெளிநாட்டு பையருக்கு மெயில் போட்டார். 15ஆம் தேதிக்குள் சரக்கு கப்பலேறிவிடும் என்பதுதான் அவர் சொல்ல நினைத்தது. ஆனால் 'பை' போட வேண்டிய இடத்தில் 'டில்' போட்டுவிட்டார். 15ஆம் தேதி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டே இருப்பார்கள் போல என்று பையர் எடுத்துக்கொண்டார். அப்புறம் இரண்டு நாள் போனும் கையுமாகப் போனது. எல்லாம் அடங்கிய பிறகு தம்பி என்னிடம் வந்து, "பிரிபொசிஷன்னா தமிழ்ல என்னங்ணா?" என்று கேட்டார். 'வேற்றுமை உருபு' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் பாதிதான் சரி.

சொல்லின் பிறப்பிலிருந்து வருவோம். லத்தீனில் 'பிரே' என்றால் முன். 'போனெரே' என்றால் வைத்தல். இரண்டும் சேர்ந்த 'பிரேபொசிட்டியோ', முன்னால் வைக்கப்பட்டது. இதுவும் லத்தீன்காரர்களின் சொந்தச் சரக்கு இல்லை. கிரேக்க இலக்கணத்தில் 'புரோதெசிஸ்' என்று இருந்ததை அப்படியே பெயர்த்துக்கொண்டார்கள். கிரேக்கர்கள் சொற்களை எட்டு வகையாகப் பிரித்தபோது அதில் ஒன்று இது. பெயருக்கு முன்னால் நிற்பதையும், வினையின் தலையில் ஒட்டிக்கொள்வதையும் சேர்த்தே அப்படி அழைத்தார்கள். ஆக, இந்தப் பெயர் அந்தச் சொல் எங்கே நிற்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது, என்ன வேலை செய்கிறது என்று சொல்வதில்லை. ஒருவர் என்ன உத்தியோகம் என்று கேட்டால் 'வாசலில் நிற்பவர்' என்பது மாதிரி.

இதோடு சேர்த்து நவுன், வெர்ப், ப்ரோநவுன் என்ற மூன்று பெயர்களையும் சட்டென்று பார்த்துவிடலாம். 'நவுன்' லத்தீன் 'நோமென்' வழி வந்தது, பொருள், பெயர். நம்முடைய பெயர்ச்சொல் அச்சு அசல் அதுதான். 'வெர்ப்' வந்தது 'வெர்பும்' என்பதிலிருந்து. அதற்கு வெறுமனே 'சொல்' என்றுதான் பொருள். செயலைச் சொல்வது என்பது அந்தப் பெயருக்குள் இல்லை. நம் 'வினை'க்குள் இருக்கிறது. என் கணக்கில் இந்த ஒன்றில் தமிழ்ப் பெயர் ஒரு படி மேல். 'ப்ரோநவுன்' என்றால் பெயருக்குப் பதிலாக வருவது. பிரதிப்பெயர் என்று முன்பு எழுதினார்கள், மாற்றுப்பெயர் என்றால் போதும். நம் இலக்கணம் இதற்குத் தனி வகை வைக்கவில்லை; நான், நீ, அவன் எல்லாமே பெயர்தான்.

இப்போது ஒரு வாக்கியம். 'ஷி கேவ் த கீ டு ஹிம் அட் த பஸ் ஸ்டாண்ட்.' தமிழில், 'அவள் சாவியை அவனிடம் பஸ் ஸ்டாண்டில் கொடுத்தாள்'. 'டு' செய்ததை நம் 'இடம்' செய்கிறது, 'அட்' செய்ததை 'இல்'. ஆனால் 'சாவியை' என்பதில் இருக்கும் ஐ உருபுக்கு ஆங்கிலத்தில் சொல்லே கிடையாது. வினைக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது பாருங்கள், அந்த இடம்தான் அங்கே இரண்டாம் வேற்றுமை. இதையே 'ஷி கேவ் ஹிம் த கீ' என்று திருப்பினால் 'டு'வும் காணாமல் போகிறது. 'அவனுக்கு' என்று நான்காம் வேற்றுமை செய்யும் வேலையையும் வரிசையே செய்துவிடுகிறது. தமிழில் 'பஸ் ஸ்டாண்டில் அவனிடம் சாவியை அவள் கொடுத்தாள்' என்று எப்படிக் கலைத்துப் போட்டாலும் கொடுத்தவள் அவள்தான், சாவி சாவிதான். 'அவள்' என்பதை எடுத்துவிட்டால்கூட 'கொடுத்தாள்' என்பதன் வாலில் அவள் இருக்கிறாள். ஆங்கில வினைக்கு அந்த வால் இல்லாததால் மாற்றுப்பெயரை ஒவ்வொரு முறையும் வாசலிலேயே நிறுத்த வேண்டியிருக்கிறது.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் கல்லுக்கு 'ஸ்தான்'. 'கற்களுக்கு' என்றால் 'ஸ்தானும்'. அந்த 'உம்' ஒரு வேற்றுமை ஈறு. 11ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு இந்த ஈறுகள் தேய்ந்து உதிர்ந்தன. அவை செய்த வேலையை வரிசையும் பிரிபொசிஷன்களும் பங்கு போட்டுக்கொண்டன. மாற்றுப்பெயர்களில் மட்டும் பழைய வாசனை மிச்சம் இருக்கிறது. 'ஹீ', 'ஹிம்' ஆவது அதனால்தான். 'ஹிம்' அந்தக் காலத்தில் 'அவனுக்கு' என்றே பொருள்பட்டது. 'ஐ' என்பது 'மீ' என்று முகமே மாறுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள், நம் 'நான்' உருபேற்றால் 'என்' ஆவதையும் நினைத்துக்கொள்ளலாம்.

சரி, உருபு என்ற பெயருக்கு என்ன குறை? அதற்கு நன்னூல் எழுதிய பவணந்தியாரிடம் போக வேண்டும். நூலின் முன்னுரையான பாயிரம் அவர் ஊராகச் சொல்லும் 'சனகை' பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் என்று எங்கள் கொங்குநாட்டில் உரிமையோடு சொல்லிக்கொள்வோம். அவர் வேற்றுமையை விளக்கும்போது, பெயருக்கு 'ஈறாய்' வந்து பொருளை வேறுபடுத்துவது என்கிறார். ஈறு என்றால் கடைசி. முன்னால், அதுவும் தனியாக நிற்கும் 'டு'வை உருபு என்றால் அந்த 'ஈறாய்' இடிக்கிறது. தம்பிக்கு நான் சொன்ன பதிலில் குறை இங்கேதான்.

கொங்கு வீட்டுப் பேச்சைக் கொஞ்சம் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். "என்ற பேரனாட்ட ஒருத்தன் இட்டேரிக்கு அக்கட்டால நிக்கறான் பாரு" என்பார் எங்கள் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா. இட்டேரி, இரண்டு பக்கமும் வேலி போட்ட தோட்டத்துப் பாதை. 'என்ற' என்றால் என்னுடைய. 'ஆட்ட' என்பது ஆங்கிலத்தின் 'லைக்'. 'அக்கட்டால' என்பது 'பியாண்ட்'. பேரனுக்குப் பின்னால் ஒன்று, இட்டேரிக்குப் பின்னால் ஒன்று. "அவனோட ஒட்டுக்கா போனேன்" என்பதில் 'வித்' வேலை பார்க்கும் 'ஒட்டுக்கா'வும் பின்னால்தான். முழுச் சொல்லாக இருந்துகொண்டே உருபு வேலை செய்யும் இப்படிப்பட்டவற்றைச் சொல்லுருபு என்பார்கள்.

இவற்றில் பல பழைய பெயர்கள். ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் அடுக்கும் உருபுகளில் கண், கால், தலை, வாய் எல்லாம் இருக்கின்றன. ஒரு ஆளையே பிரித்துப் போட்டது மாதிரி இருக்கும். ஆங்கிலத்திலும் அதே கதை: 'பிசைட்' என்பதற்குள் பக்கம் என்று பொருள்படும் 'சைட்' இருக்கிறது, 'பிட்வீன்' என்பதற்குள் இரண்டு இருக்கிறது.

ஒன்றுக்கு ஒன்று என்று பொருத்தம் பார்க்க மட்டும் முடியாது. 'கோவைக்குப் போனான்' என்றால் 'டு', 'பத்து மணிக்கு' என்றால் 'அட்', 'நூறு ரூபாய்க்கு வாங்கினேன்' என்றால் 'ஃபார்'. 'எனக்குத் தலைவலி' என்றால் ஒன்றுமே வேண்டாம். 'இல்' இன்னும் மோசம்: கார் என்றால் 'இன்', பஸ் என்றால் 'ஆன்'. நமக்கு இரண்டிலும் இல்தான். 15ஆம் தேதிக்குள் என்பதில் தம்பி சறுக்கியதும் இப்படித்தான்.

அப்படியானால் எந்தப் பெயர்? முன்னொட்டு என்று சிலர் எழுதுகிறார்கள். அது சொல்லின் தலையில் ஒட்டும் 'அன்', 'ரீ' போன்றவற்றுக்கு வேண்டும், அதை இங்கே செலவு செய்யக்கூடாது. முன்னிடைச்சொல் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. காரணம் மறுபடியும் பவணந்தியார். இடைச்சொல்லுக்கு அவர் சொல்லும் இலக்கணத்தில், தனித்து இயங்காமல் 'பெயரினும் வினையினும் பின் முன் ஓரிடத்து' வந்து சேர்வது என்கிறார். வேற்றுமை உருபுகளையும் அதற்குள்தான் வைக்கிறார். பின்னால் வருவதற்கும் முன்னால் வருவதற்கும் அந்த வீட்டில் இடம் உண்டு. 'இடைச்சொல்' வேலையைச் சொல்கிறது, 'முன்' நிற்கும் இடத்தைச் சொல்கிறது. லத்தீன் பெயரில் விட்டுப்போனது இதில் சேர்ந்துவிடுகிறது.

ஒரு வில்லங்கம் உண்டு. புணர்ச்சி விதிகளில் 'யரழ முன்னர்க் கசதப' என்று வந்தால், ய, ர, ழ என்பவற்றுக்கு அடுத்து வரும் க, ச, த, ப என்று பொருள். படிக்கும் திசையில் எதிரே இருப்பது முன். பழைய வாத்தியார் யாராவது முன்னிடைச்சொல்லைக் கேட்டு, பெயருக்கு அடுத்து வருவதா என்று கேட்டால் நான் பொறுப்பில்லை.

லத்தீன் பெயரும் வில்லங்கம் செய்யாமல் இல்லை. ஆங்கில நாடக ஆசிரியர் பென் ஜான்சன் வாக்கியக் கடைசியில் பிரிபொசிஷனை விட்டுவைத்தார் என்று 1672இல் கவிஞர் ஜான் டிரைடன் குற்றம் பிடித்தார். பேரிலேயே முன் இருக்கும்போது கடைசியில் நிற்கலாமா என்று அதற்கப்புறம் பள்ளிக்கூடங்களிலும் வெகுகாலம் அடித்துத் திருத்தினார்கள். மக்கள் என்னவோ 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்' என்றுதான் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள்.

போன மாதம் அந்தத் தம்பியைப் பார்த்தபோது இதையெல்லாம் சொன்னேன். இப்போது அவரே மெயில்களைத் திருத்துகிற இடத்துக்கு வந்துவிட்டார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப 'த்ரீ டேஸ் அகோ'ல அகோ பின்னால நிக்குதேங்ணா, அது என்னங்ணா?" என்றார். அகராதிகள் அதை வினையடை என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன என்றேன். அவர் விடவில்லை. "தமிழ்லயும் மூணு நாளைக்கு முன்னாலன்னு தானுங்ணா சொல்றோம். பேரு முன், நிக்கறது பின்னால."