முட்டை பப்ஸுக்கும் க்ரோசானுக்கும் நடுவே சில டிகிரி

பாரிஸில் காலையில் ஒரு பேக்கரிக்குள் போய் க்ரோசான் என்ற பிறை வடிவ அடுக்கு ரொட்டியை வாங்கிக் கடித்தால், முதல் கடியிலேயே சட்டையெல்லாம் துகள். வண்ணாரப்பேட்டையில் டீயோடு முட்டை பப்ஸ் தின்று வளர்ந்தவர்களுக்கு இது பழகிய சங்கதிதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பப்ஸ் தின்ற பிறகு மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒரு படலம் ஒட்டுமே, அது க்ரோசானில் இல்லை.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். மாவுக்குள் கொழுப்பை வைத்து, தேய்த்து, மூன்றாக மடித்து, மறுபடி தேய்ப்பது. இப்படி மூன்று முறை மடித்தால் 27 கொழுப்பு அடுக்குகள். ஓவன் சூட்டில் மாவிலும் வெண்ணெயிலும் உள்ள நீர் ஆவியாகிறது. நீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். அடுக்குகளுக்கு நடுவே கொழுப்பு இருப்பதால் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல், ஆவி தள்ளத் தள்ள மேலே எழும்புகின்றன. க்ரோசான் மாவில் ஈஸ்டும் உண்டு. அது விடும் கரியமில வாயுவால்தான் உள்ளே தேன்கூடு போன்ற ஓட்டைகள். பப்ஸில் ஈஸ்ட் கிடையாது, முழு வேலையும் ஆவியுடையது.

சரி, அந்தப் படலம்? க்ரோசானில் போடும் வெண்ணெய் பல வகைக் கொழுப்புகளின் கலவை. 20 டிகிரியிலேயே அதில் பெரும்பகுதி இளகிவிடும். 35 டிகிரிக்குள் முழுக்க உருகிவிடும். நம் வாயின் சூடு அதைவிடக் கொஞ்சம் கூட, அதனால் நாக்கில் பட்டதும் காணாமல் போகிறது. பப்ஸுக்குப் பெரும்பாலும் போடுவது வனஸ்பதி அல்லது பேக்கரி மார்ஜரின். வெயிலைத் தாங்கட்டும் என்று உருகுநிலையைக் கூட்டியே தயாரிப்பார்கள். வெயிலைத் தாங்குவது வாயிலும் தாங்கும். அவ்வளவுதான்.

இதற்காக நம்ம ஊர் பேக்கரிக்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை. மடிக்கும்போது வெண்ணெய் 15 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் உடையாமலும் வழியாமலும் மாவோடு சேர்ந்து விரியும். மே மாத ராயபுரத்தில், ஓவன் எரியும் அறையில், அது மாவுக்குள் ஊறி அடுக்கே இல்லாமல் போகும். மடித்து முடித்தாலும் ஆபத்து தீரவில்லை. ஈஸ்ட் உப்புவதற்கு மாவை மணிக்கணக்கில் வைக்க வேண்டும். அந்த அறையின் சூடு 27 டிகிரியைத் தாண்டினால் வெண்ணெய் கசியத் தொடங்கும். மே மாதத்தில் இங்கே விடியற்காலையில்கூட அதைவிடச் சூடு. ஏசி அறை இல்லாமல் ஆகாத வேலை.

க்ரோசானின் பிறை வடிவத்தைப் பிரெஞ்சுக்காரர்களும் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. 1830களின் கடைசியில் ஆகஸ்ட் சாங் என்ற ஆஸ்திரியர் பாரிஸில் வியன்னா பாணி பேக்கரி திறந்தார். பிறை வடிவ ரொட்டி அங்கிருந்துதான் பிரபலமானது. 1683இல் வியன்னாவை முற்றுகையிட்ட துருக்கியப் படை தோற்றதைக் கொண்டாடச் சுட்டது என்ற கதை கேட்க நன்றாக இருக்கும், ஆதாரம்தான் இல்லை.

அடுக்கு சரியாக வந்துவிட்டாலும் கடற்கரைக் காற்று விடாது. மேல்தோல் மொறுமொறுப்பாக இருப்பது அதில் ஈரம் மிகக் குறைவாக இருப்பதால். காசிமேட்டுப் பக்கத்துக் காற்றிலுள்ள ஈரத்தை மாவுச்சத்து இழுத்துக்கொண்டதும் தோல் துவண்டு, பிய்த்தால் நீளும். உள்ளேயிருந்து வரும் ஈரமும் சேர்ந்துகொள்ளும். நல்லவேளை, இதைச் சரிசெய்யலாம். மைக்ரோவேவில் வைக்காதீர்கள், உள்ளே கிளம்பும் ஆவி தோலை இன்னும் நனைக்கும். தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, மூடி போடாமல் திருப்பித் திருப்பிச் சுட்டால் ஈரம் வெளியேறிவிடும். பப்ஸுக்கும் இதே வைத்தியம்தான்.