ஐப்பசியில் இறுகும் பீரோ

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் சித்திரை மாதத்தில் இரட்டைக் கதவு வைத்த பழைய தேக்குப் பீரோ ஒன்றை வாங்கினாராம், அங்கே ஒற்றை விரலால் தள்ளினாலே மூடிக்கொண்ட கதவு, ஐப்பசி மழை பிடித்ததும் இரண்டு கையால் இழுத்தாலும் அசைய மறுக்கிறதாம். இழைத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஆசாரி. யார் வீட்டுப் பொருளோ, திருப்பிக் கொடுத்துவிடு என்கிறார் மாமியார். இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம் என்பதே என் பதில். பீரோவில் குறையேதும் இல்லை; மரம் மரமாக நடந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

தொண்டியிலிருந்து பாம்பன் வரையுள்ள கடற்கரையில் இரும்பு பீரோ வைத்திருப்பவர்களுக்கு, அதன் அடித்தட்டு துருவேறிப் பொருக்குப் பொருக்காக உதிர்வது புதிய செய்தியன்று. ஆகவே, 1985-இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை இராமநாதபுரத்தோடு இருந்த காரைக்குடிக்குப் போய்ப் பழைய மரப் பீரோ, பெட்டகம், கல்லாப்பெட்டி என்று தேடுவது நல்ல யோசனைதான். நகரத்தார் வணிகத்தால் பர்மாத் தேக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் நிரம்பியதும் உண்மைதான். ஆனால் கடைக்காரர் கைகாட்டும் பொருளெல்லாம் பர்மாத் தேக்காகிவிடுவதில்லை. எந்த ஊர்த் தேக்கு என்பதைவிட, அந்தப் பொருள் எப்படிக் கூட்டப்பட்டிருக்கிறது என்பதே கடலோர வீட்டுக்கு முக்கியம். அதற்கு மரம் எப்படிப் பருக்கிறது என்று தெரிய வேண்டும்.

மரம் என்பது நெடுக்கில் அடுக்கப்பட்ட நுண்குழாய்ச் செல்களின் தொகுப்பு என்பதைப் பள்ளியில் படித்திருப்போம். சுவாரசியம் குழாயின் உள்ளே இல்லை, குழாயின் சுவரில் இருக்கிறது. அந்தச் சுவரில் செல்லுலோஸ் நுண்ணிழைகள், மரத்தின் நெடுக்குத் திசையிலிருந்து மிகச் சிறிதே சாய்ந்து, நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கின்றன. இழைகளின் மேற்பரப்பிலும் அவற்றுக்கு இடையிலுள்ள பசை போன்ற பொருளிலும் நீரைப் பற்றிக்கொள்ளும் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஏராளம். காற்றில் ஈரம் கூடும்போது நீர் மூலக்கூறுகள் இந்த இடுக்குகளுக்குள் நுழைந்து இழைகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குகின்றன. இறுகக் கட்டிய ஈர்க்குக் கட்டுக்குள் மேலும் சில ஈர்க்குகளைச் செருகினால் கட்டு தடிக்குமே தவிர நீளாது. மரமும் அப்படித்தான், அகலத்தில் பருக்கும், நீளத்தில் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

அகலத்திலும் எல்லாத் திசையும் ஒன்றல்ல. அடிமரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் திசையில், ஆரக்கதிர்கள் எனப்படும் செல் வரிசைகள் கிடையாக ஓடி மரத்தை ஓரளவு இழுத்துப் பிடிக்கின்றன. ஆண்டு வளையத்தை ஒட்டிச் செல்லும் திசையில் அப்படிப் பிடிப்பு இல்லை. பச்சைத் தேக்கை முற்றிலும் உலர்த்தினால் வளையத் திசையில் 5.8 சதவீதமும் ஆரத் திசையில் 2.5 சதவீதமும் சுருங்கும். நெடுக்கில் சுருக்கம் பெரும்பாலும் 0.2 சதவீதத்தைத் தாண்டாது. மற்றப் பல மரங்களோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைந்த சுருக்கம், தேக்குக்கு உள்ள மதிப்பில் பாதி இதனால் வந்தது.

இதைக் கதவுக்குப் பொருத்திப் பார்ப்போம். 30 பாகை வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 60 சதவீதமாக நீடித்தால் மரத்துக்குள் ஏறத்தாழ 10.5 சதவீத நீர் தங்கும். 80 சதவீதமாக நீடித்தால் அது 15-ஐ எட்டும். இந்த 4.5 சதவீத ஏற்றத்தில், 45 சென்டிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகை, வளையத் திசையில் அறுக்கப்பட்டிருந்தால் 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பருக்கும். ஆரத் திசையில் அறுக்கப்பட்டிருந்தால் 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே பருக்கும். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள கதவோ, நெடுக்கில் அரை மில்லிமீட்டர்கூட வளராது. ஒரே மழைக்காலத்தில் ஒரே கதவு ஒரு பக்கம் நீள மறுத்து, மறுபக்கம் விம்மிப் புடைக்கிறது. இதை ஆணி அடித்தோ பசை ஒட்டியோ தடுத்தால் மரம் அடங்காது, பிளக்கும்.

பழைய தச்சர்கள் மரத்தை அடக்கப் பார்க்கவில்லை, அதற்கு இடம் விட்டார்கள். கதவைச் சுற்றி நான்கு குறுகிய சட்டங்களைக் கழுந்தும் (செருகும் முனையும்) துளையுமாகப் பூட்டினார்கள். சட்டத்தின் உள்விளிம்பு முழுவதும் ஒரு காடி, அதாவது நீண்ட பள்ளம், எடுத்து, நடுப்பலகையின் ஓரங்களை மெல்லியதாக இழைத்து அந்தக் காடிக்குள் நிறுத்தினார்கள். பலகைக்குப் பசை கிடையாது, ஆணி கிடையாது. எதிரெதிர்க் காடிகளின் அடிகளுக்கு இடையிலுள்ள தூரத்தைவிடப் பலகை சற்றுக் குறுகல். மழையில் பலகை பருத்துக் காடிக்குள் போகும், கோடையில் சுருங்கி வெளியே வரும், கதவின் வெளியளவைத் தீர்மானிப்பதோ ஒவ்வொன்றும் ஏழெட்டு சென்டிமீட்டரே அகலமுள்ள சட்டங்கள். அகன்ற பலகையின் விம்மல் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் கழிந்துவிடுகிறது; மழையில் கதவை இறுக்குவது சட்டங்களின் சிறு விம்மல் மட்டுமே. ஈரப்பதமானியும் கணக்கும் இல்லாமல், கை அனுபவத்தால் மட்டும் கண்ட இந்தத் தீர்வை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இது உண்மையாகவே வேலை செய்கிறதா என்று கடையிலேயே பார்க்கலாம். பங்குனி, சித்திரையில் போய், நடுப்பலகை சட்டத்தைத் தொடும் செங்குத்தான ஓரத்தில் கண்ணை வையுங்கள். பாலிஷ் ஏறிக் கருத்த பலகையின் விளிம்பில், தீக்குச்சிப் பருமனில், பாலிஷ் படாத வெளிறிய கோடு ஒன்று மேலிருந்து கீழாக ஓடும். பலகை பருத்திருந்த காலத்தில் பாலிஷ் போட்டபோது காடிக்குள் ஒளிந்திருந்த பகுதி அது. மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் அந்தக் கோடு இருக்காது, ஏனென்றால் மரம் நெடுக்கில் சுருங்குவதில்லை. பலர் இதைக் குறை என்று சொல்லி விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள்; நானாக இருந்தால் அந்தக் கோட்டுக்காகவே வாங்குவேன். பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினால் மெல்ல அசைய வேண்டும். அசையாமல் கல்லாக நின்றால், யாரோ காடியில் மக்கு வைத்து அடைத்திருக்கிறார்கள், அல்லது பின்னால் ஒட்டுப்பலகையை அறைந்திருக்கிறார்கள். கடற்கரைக்கு வந்த ஓரிரு ஆண்டில் அது நடுவில் விரிசல் விடும்.

மாமியாரின் அச்சத்துக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. பழைய பீரோ இரவில் 'டக்' என்று ஒலி எழுப்பினால், முன்பு வைத்திருந்தவர் இன்னும் போகவில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. பகல் வெப்பம் தணிந்து ஈரம் மாறும்போது, பலகை காடிக்குள் சிக்கி நின்று திடீரென வழுக்குகிறது. உராய்வு விடுபடும் ஒலி அது. நல்ல பொருளைப் பாதி விலைக்கு விற்றுவிட்டுப் பூசையும் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும், அந்த லாபம் முழுவதும் அடுத்து வாங்குபவருக்குப் போகிறது.

ஆசாரியைப் பொறுத்தவரை, மழைக்காலத்தில் இழைத்தால் மாசியில் கதவுகளுக்கு நடுவே விரல் நுழையும். உள்நாட்டில் உலர்ந்திருந்த பொருளைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தால் ஒரு முழு ஆண்டு அது பழகட்டும். அதற்குப் பிறகும் மழைக்குப் பின் விடாமல் உரசும் இடத்தை மட்டும் இழைக்கலாம். கதவின் உள்புறத்தை வெறுமனே விட்டு வெளிப்புறத்துக்கு மட்டும் புதிதாகத் தடித்த வார்னிஷ் அடிக்க வேண்டாம். இரு முகமும் வெவ்வேறு வேகத்தில் ஈரம் குடித்தால் பலகை வளையும்.

பூச்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தேக்கின் வைரத்தில், அதாவது முற்றிய நடுமரத்தில், உள்ள டெக்டோகுவினோன் போன்ற பொருள்கள் கறையானுக்கு ஆகாதவை, ஆனால் பட்டையை ஒட்டிய வெளிறிய வெள்ளைப் பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை. பின்பலகையிலும் இழுப்பறையின் அடியிலும்தான் வெள்ளையை ஒளித்திருப்பார்கள். குண்டூசித் தலையளவு ஓட்டைகளின் விளிம்பு கருத்திருந்தால் வண்டு எப்போதோ போய்விட்டது என்று கொள்ளலாம். இழுப்பறையைத் தட்டியதும் மாவு போல வெளிர்த்தூள் கொட்டினால் அது இன்னும் உள்ளே இருக்கிறது, வாங்க வேண்டாம்.

கடற்கரைக்கே உரிய தொல்லை உப்பு. சாதாரண உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே கரைந்து நீராகும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். எனவே இங்கே மரத்தின் மீது படியும் உப்புத் துகள் ஏறக்குறைய என்றும் ஈரமாகவே இருக்கும், அருகிலுள்ள இரும்பாணியை அரித்துக்கொண்டே இருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் ஆணியைச் சுற்றி மரம் பிளக்கும். மர ஆணியும் மூங்கில் ஆணியும் பித்தளைக் கீலும் உள்ள பொருளே இந்தக் கரைக்கு ஏற்றது; பழுது பார்க்கிறேன் என்று பின்னால் யாரேனும் இரும்பாணி அறைந்திருந்தால் அதைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபத்தில் ஒரு பிரிவை வைத்து, கடற்காற்று உலோகத்தை அரிப்பதை ஆராய்ந்துவருகிறது. வீட்டு மரச்சாமான்கள் இதே காற்றில் எப்படி மூப்படைகின்றன என்பதற்கும் அப்படி ஒரு நீண்டகால ஆய்வுக்கு அரசு பணம் ஒதுக்கினால், கப்பலும் பாலமும் இல்லாத சாதாரணக் குடும்பங்களுக்கும் அறிவியல் பயன்படும் என்பது என் கருத்து.

அதுவரை, கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காமல், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, காற்றோட்டமாக வையுங்கள். வாரம் ஒருமுறை, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்தால் படிந்த உப்பு பெருமளவு போய்விடும். துணியை நனைப்பது குடிநீராக இருக்கட்டும். இந்தப் பகுதியின் பல ஆழ்துளைக் கிணறுகளில் வரும் உவர்நீரில் நனைத்துத் துடைத்தால், எடுக்கும் உப்பைவிடப் பூசும் உப்பு அதிகமாகிவிடும்.