‘டிஸ்ட்ரெஸ்ட்’ மரச்சாமானைத் தமிழில் எப்படிச் சொல்வது?

புதிதாக வண்ணம் பூசிய நாற்காலியையோ அலமாரியையோ பல ஆண்டுகள் புழங்கியது போல மாற்றுவதற்காக, அதன் விளிம்புகளில் மேற்பூச்சைத் தேய்த்தெடுத்து அடியிலுள்ள நிறமோ மரமோ தெரியும்படி செய்வதை ஆங்கிலத்தில் ‘டிஸ்ட்ரெஸ்ஸிங்’ என்றும், அப்படிச் செய்த பொருளை ‘டிஸ்ட்ரெஸ்ட்’ என்றும் குறிப்பிடுகிறார்கள். அகராதியின் முதற்பொருளை மட்டும் பார்த்தால் ‘துயருற்ற மேசை’ என்றுதான் மொழிபெயர்க்க நேரும். சொல்லின் வரலாற்றை அறிந்தால் அந்தப் பிழை நேராது.

இலத்தீனில் ‘ஸ்ட்ரிங்கெரே’ என்றால் இறுக்குதல். ‘டிஸ்ட்ரிங்கெரே’ என்றால் இழுத்துப் பிரித்தல், தடுத்து நிறுத்துதல். அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த ‘டிஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லுக்குத் துன்பம் என்ற பொருளோடு, பாக்கிக்காக ஒருவருடைய பொருளைப் பற்றிக்கொள்ளுதல், அதாவது நாம் ஜப்தி என்று சொல்லும் பொருளும் இருந்தது. நாம் அன்றாடம் வழங்கும் ‘டிஸ்ட்ரிக்ட்’ என்ற சொல்லும் இதே வேரில் பிறந்தது. நிலப்பிரபுவின் அதிகாரம் செல்லுபடியான பகுதியையே அது முதலில் குறித்தது. மரத்தைச் சுத்தியலாலும் சங்கிலியாலும் அடித்து வருத்திப் பழையதாகக் காட்டும் வேலைக்கு ‘டிஸ்ட்ரெஸ்’ வழங்குவது பிற்காலத்தில் ஏற்பட்ட நீட்சி. இதனோடு சேர்ந்தே வரும் ‘விண்டேஜ்’ திராட்சை அறுவடையைக் குறித்த சொல். அறுவடை ஆண்டைக் கொண்டு மதுவை மதிப்பிட்டதால், பழமையால் மதிப்புப் பெற்ற எதற்கும் பெயராயிற்று. நம் பெயின்ட் கடைகளில் கேட்கும் ‘டிஸ்டெம்பர்’ ஒலியில் நெருங்கினாலும் உறவில்லாதது. கலத்தல், ஊறவைத்தல் என்ற பொருளுடைய வேறொரு வேரிலிருந்து வந்தது.

தமிழில் ‘பழமையாக்கல்’ எனலாம். ஆனால் சாயம் ஏற்றிக் கருக்குவதும் பழமையாக்கல்தான் என்பதால் அது மிக விரிந்த சொல். ‘சிதைத்தல்’ தவறு, ஏனெனில் பொருள் உறுதியாகவே இருக்கிறது. ‘தேய்வுப்பூச்சு’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ‘தேய்’ என்ற ஒரே வினையடி, படி தேய்ந்தது என்று தன்வினையாகவும், தச்சர் பலகையைத் தேய்த்தார் என்று பிறவினையாகவும் வருகிறது. கையால் செய்யும் தேய்ப்பைக் கொண்டு காலம் செய்யும் தேய்வைக் காட்டுவதே இவ்வேலையின் சாரம் என்பதால், ஆங்கிலச் சொல் சொல்லாததையும் இந்த வினையடி சொல்லிவிடுகிறது.

செய்முறையும் அதையே வலியுறுத்துகிறது. அடிப்பூச்சு நன்றாகக் காய்ந்தபின், கை படும் இடங்களில் மட்டும், அதாவது இழுப்பறைக் குமிழைச் சுற்றியும், நாற்காலிக் கையின் முனையிலும், கால் வைக்கும் குறுக்குச் சட்டத்திலும் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு, மாறுபட்ட நிறத்தில் மேற்பூச்சு கொடுக்க வேண்டும். மெழுகின் மேல் வண்ணம் பிடிக்காது. காய்ந்ததும் 120 எண் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தால் அங்கே மட்டும் உரிந்து அடிநிறம் தெரியும். பிறகு 220 எண் தாளால் மென்மையாக்கி, தூசியைத் துடைத்து, வார்னிஷ் பூசலாம். கை எட்டாத உட்குழிவுகளையும் சமமாகத் தேய்த்துவிட்டால் அது தேய்வாகத் தோன்றாது, அரைகுறை வேலையாகவே தெரியும். ஏற்கெனவே பழைய வண்ணம் உள்ள சாமானாக இருந்தால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தை 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய பூச்சின் தூசி குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு செய்யக்கூடியது.

ஒரு வேறுபாட்டை மட்டும் பேண வேண்டும். ஆணியால் துளையிட்டுச் செல்லரித்தது போலக் காட்டுவதையும், சங்கிலியால் அடித்துப் பள்ளம் விழச் செய்வதையும் ஆங்கிலம் அதே ஒரு சொல்லால் குறிக்கிறது. தமிழில் அவை தேய்வு ஆகா. ‘வடுவிடுதல்’ என்று அவற்றுக்குத் தனிப்பெயர் கொடுத்து, தேய்வுப்பூச்சை வண்ணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.