ஜவ்வு தேய்ந்தது தேய்ந்ததுதான். வலி மட்டும் எப்படிக் குறைகிறது?

முதுகுவலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'எல்4-எல்5 ஜவ்வு தேய்மானம்' (இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்) என்று ஒரு வரி இருந்தால் போதும், படித்தவர் அன்றிலிருந்து குனிவதற்கே யோசிப்பார். எல்லாம் தேய்மானம் என்ற சொல் செய்யும் வேலை. டயர் தேய்கிறது, செருப்பு தேய்கிறது; மிச்சம் இருப்பதைச் சிக்கனமாகச் செலவழித்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. அந்த நேரத்தில் பிசியோதெரபிஸ்ட் "நடங்க, குனிங்க, மெதுவா எடை தூக்கிப் பழகுங்க" என்றால் குழப்பமாகத்தானே இருக்கும்? தேய்ந்ததை இன்னும் தேய்க்கச் சொல்கிறாரா?

ஜவ்வு அப்படி உரசித் தேயும் பொருள் அல்ல. முதுகெலும்பில் மொத்தம் 23 ஜவ்வுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் கூழ் போன்ற ஒரு மையம். அதைச் சுற்றி வெங்காயத் தோல்போல 15 முதல் 25 நார் அடுக்குகள். ஓர் அடுக்கின் நார்கள் இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கின் நார்கள் வலப்பக்கம் சாயும். முதுகு எந்தப் பக்கம் திரும்பினாலும் சில அடுக்குகள் இழுத்துப் பிடிக்கும். நடுக்கூழில் அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறு தண்ணீரை இழுத்து வைத்திருக்கிறது. இளம் வயதில் அந்தக் கூழில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். வயதாக ஆக அக்ரிகன் சிதைகிறது, தண்ணீர் குறைகிறது, ஜவ்வின் உயரம் தாழ்கிறது, சுற்றியுள்ள நார் அடுக்குகளில் கீறல் விழுகிறது. என்னைக் கேட்டால் இதற்குத் தேய்மானம் என்பதைவிட வறட்சி என்ற பெயர்தான் பொருந்தும்.

ஜவ்வுக்குள் ரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்பின் விளிம்புத் தகடு வழியாக ஊறி வருவதுதான் அதன் சாப்பாடு. பகலில் உடல் எடை அழுத்த, தண்ணீர் கொஞ்சம் வெளியேறுகிறது. இரவில் படுத்ததும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. காலையில் இருக்கும் உயரம் மாலைக்குள் ஏறத்தாழ 1 சதவீதம் குறைவது இதனால்தான். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு தன்னார்வலரின் இடுப்பு ஜவ்வுக்குள்ளேயே அழுத்தமானியை வைத்து அளந்தார்கள். படுத்தபோது 0.1 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு), நின்றபோது 0.5, முதுகை வளைத்து 20 கிலோ தூக்கியபோது 2.3. தூங்கிய இரவில் அழுத்தம் 0.1-இலிருந்து 0.24-க்கு ஏறியது, தண்ணீர் திரும்பியதன் அடையாளம். பலர் அந்த 2.3-ஐ மட்டும் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். ஆரோக்கியமான ஜவ்வு அதைத் தாங்கவே அமைந்திருக்கிறது.

"உடற்பயிற்சி ஜவ்வைப் பஞ்சுபோலப் பிழிந்து சத்தை உள்ளே அனுப்புகிறது" என்று சொல்வார்கள். பாதி உண்மை. குளுக்கோஸ் போன்ற சிறு மூலக்கூறுகள் பிழியாமலே ஊறிச் செல்லும். தொடர்ந்து ஓடும் பழக்கமுள்ளவர்களின் இடுப்பு ஜவ்வில் நீர் கூடுதலாக இருப்பதாக 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் நல்ல முதுகு உள்ளவர்கள்தான் ஓடுகிறார்களோ என்ற கேள்வியை அது தீர்க்கவில்லை. வறண்டுபோன ஜவ்வைப் பயிற்சி பழையபடி ஆக்கிவிடும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பத் தேவையில்லை.

பிறகு பயிற்சி எதைத்தான் மாற்றுகிறது? அதற்கு முன் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் திரட்டிய 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் ஜவ்வுச் சிதைவு தெரிந்தது. ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிப்பதில்லை. அதற்காக ஜவ்வு வலிக்கவே வலிக்காது என்றும் இல்லை. சாதாரணமாக நரம்பு ஜவ்வின் வெளி அடுக்குகளோடு நின்றுவிடும். கீறல் விழுந்த ஜவ்வில் அது உள்நோக்கி வளர்கிறது, அழற்சி வேதிப்பொருட்கள் அதைச் சீண்டுகின்றன. அந்த நரம்பு சிறு அசைவுக்கும் கூச்சல் போடும்போது சுற்றியுள்ள தசைகள் இறுகிக் காவல் காக்கின்றன. இறுக்கமே பிறகு தனி வலியாகிறது.

பிசியோ கை வைக்கும் இடம் இதுதான். முதுகெலும்பை ஒட்டி மல்டிஃபிடஸ் என்ற தசை இருக்கிறது. வலி வந்த பக்கத்தில், வலி வந்த மட்டத்திலேயே அது சுருங்குவதையும், வலி போன பிறகும் தானாக மீளாததையும் 1990-களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு மீண்டது. இதிலிருந்துதான் வயிற்றை உள்ளிழுத்து உள்தசைகளை எழுப்பும் 'கோர்' பயிற்சி அலை கிளம்பியது. அலை கொஞ்சம் அதிகமாகவே அடித்துவிட்டது. பின்னால் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்தச் சிறப்புப் பயிற்சிகளுக்கும் பொதுவான பயிற்சிகளுக்கும் நீண்ட காலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. விட்டுவிடாமல் செய்யக்கூடிய பயிற்சி எதுவோ அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

தசையைவிட நரம்புக்குக் கொடுக்கும் பயிற்சிதான் எனக்கு அதிக சுவாரசியம். குனியப் பயப்படுபவரை முதல் நாளே தரையைத் தொடச் சொல்வதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையை முழங்கால்வரை நகர்த்துவது, சில நாளில் கணுக்கால்வரை, பிறகு நின்றபடி, பிறகு கையில் சிறு எடையோடு. செய்யும்போது லேசாக வலித்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கினால் அளவு சரி. மறுநாளும் ஏறியே இருந்தால் ஒரு படி இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆபத்து எதுவும் நடக்காமல் முடியும்போது மூளை அந்த அசைவுக்கு வைத்திருந்த எச்சரிக்கையைக் கொஞ்சம் தளர்த்துகிறது. ஒத்தடம் அந்த நேரத்துக்கு இதமளிக்கும், பெல்ட்டும் அப்படித்தான். இந்த வேலையை அவை செய்யா.

முழு ஓய்வு இதற்கு நேர் எதிர். 1986-இலேயே 2 நாள் படுக்கை ஓய்வையும் 7 நாள் ஓய்வையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். வலியில் வித்தியாசம் இல்லை, 2 நாள் படுத்தவர்கள்தான் வேலைக்குச் சீக்கிரம் திரும்பினார்கள்.

பயிற்சியைத் தள்ளிவைக்க வேண்டிய நேரமும் உண்டு. சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் பலமிழப்பது ஆகியவை அவசர சிகிச்சைக்கு உரியவை. காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்ந்திருந்தாலும், முன்பு புற்றுநோய் வந்திருந்தாலும் முதலில் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

மற்றவர்களுக்கு வாரங்கள் ஆகும். பலருக்கு இரண்டு மூன்று மாதம். தசை கண்ணுக்குத் தெரிய வளரும் முன்பே வலி குறைய ஆரம்பிப்பதும் உண்டு. அப்படிக் குறைந்தவர் ஆசைக்கு இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், எல்4-எல்5 தேய்மானம் என்ற அதே வரி அதே இடத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.